மரத்தைப் பிடிக்கும் பிடி: கடைசல் லேத்துக்கு ஏற்ற சக் எது?



தொழிற்பயிற்சிக் கூடம் ஒன்றுக்கு மரக் கடைசல் லேத் வாங்கிக் கொடுக்க விரும்பும் அன்பர்கள், முதலில் மோட்டாரின் குதிரைத்திறனையும் லேத்தின் நீளத்தையும் விசாரிக்கிறார்கள். அது சரியே. ஆனால் மரத்தைப் பிடித்துச் சுழற்றும் 'சக்' என்னும் பாகத்தைப் பற்றிக் கடைசியில்தான் நினைக்கிறோம். 10 அங்குல விட்டமுள்ள ஒரு மரக் கிண்ணம் நிமிடத்திற்கு 900 முறை சுழலும்போது, அதன் விளிம்பு மணிக்கு 40 கிலோமீட்டருக்கும் மேலான வேகத்தில் ஓடுகிறது. அந்த நேரத்தில் பிடி விட்டுப் போனால், மரம் கடைபவரின் முகத்தின் மேலேயே வந்து விழக்கூடும். ஆகவே சக் வாங்குவது சில்லறை விஷயம் அல்ல.

சக் என்ன செய்கிறது?

அம்பாசமுத்திரத்துச் சொப்புச் சாமான்களும், கர்நாடக மாநிலத்துச் சென்னபட்டணப் பொம்மைகளும் லேத்தில் கடையப்படுபவையே. நீளமான மரத்துண்டை இரு முனைகளுக்கு நடுவே நிறுத்திக் கடைந்துவிடலாம். ஆனால் கிண்ணம், டப்பா போன்றவற்றின் உட்புறத்தைக் குடைய வேண்டுமானால், ஒரு பக்கத்தில் மட்டும் பிடித்து மறுபக்கத்தைத் திறந்து விடவேண்டும். கிண்ணம் போன்ற குழியில் மரத்தை அடித்து இறுக்குவதும், இரும்புத் தட்டில் திருகாணிகளால் பொருத்துவதும் பழைய வழிகள். இவை இன்றும் பயன்படுகின்றன.

மரக் கடைசலுக்கென்றே செய்யப்படும் நான்கு தாடைச் சக்கில், உள்ளே சுருள் பள்ளம் வெட்டிய தட்டு ஒன்று இருக்கிறது. சாவியைத் திருகினால் அந்தத் தட்டு சுழலும்; நான்கு தாடைகளும் ஒரே அளவில் சேர்ந்து நகரும். மரம் தானாகவே நடுவில் வந்து நிற்கும்.

இரும்பு லேத்தில் பயன்படும் மூன்று தாடைச் சக் வீட்டில் சும்மா கிடக்கிறது, அதைக் கொடுத்துவிடலாமா என்று கேட்பவர்கள் உண்டு. அதன் தாடைகள் மரத்தைக் குறுகிய இடங்களில் மட்டும் தொட்டு அழுத்துவதால் மரம் நசுங்கும். சிறிது நேரத்தில் பிடி தளரும். தாடைகள் வெளியே நீட்டிக்கொண்டு சுழல்வதால் கையிலும் அடிபடும். எனவே கிண்ண வேலைக்கு அது உகந்ததல்ல.

வாங்கும் முன் பார்க்க வேண்டிய நான்கு காரியங்கள்

1. மரை. லேத்தின் சுழலும் தண்டில் உள்ள மரையும் சக்கின் மரையும் ஒன்றாக இருக்கவேண்டும். சிறிய லேத்துகள் பலவற்றில் 1 அங்குல விட்டமும், அங்குலத்திற்கு 8 மரைகளும் இருக்கும். பெரியவை பலவற்றில் 1¼ அங்குல விட்டமும் 8 மரைகளும், அல்லது 33 மி.மீ. விட்டமும் 3.5 மி.மீ. மரை இடைவெளியும் காணப்படும். ஊகிக்காமல் வெர்னியர் கொண்டு அளந்து, மரைகளை எண்ணிப் பார்த்து எழுதிக்கொள்வது நல்லது. சில சக்குகளில் மரை உடலிலேயே வெட்டப்பட்டிருக்கும். வேறு சிலவற்றில் கழற்றி மாற்றக்கூடிய மரைத்துண்டு இருக்கும். பின்னாளில் லேத் மாறினாலும், மரைத்துண்டை மட்டும் மாற்றி அதே சக்கைத் தொடர்ந்து பயன்படுத்தலாம்.

2. உடலின் அளவு. 10 முதல் 14 அங்குல விட்டம் வரை கடையும் லேத்துக்கு, 90 முதல் 100 மி.மீ. அளவுள்ள சக் போதுமானது. அதைவிடப் பெரிய லேத்துக்கு 120 மி.மீ. அளவு ஏற்றது. பெரியது நல்லது என்று எண்ணி, சிறிய லேத்தில் கனமான சக் மாட்டினால் மோட்டாருக்கும் பேரிங்குக்கும் வீண் சுமை.

3. தாடைகள். பெரும்பாலும் 50 மி.மீ. தாடைகள் சக்குடனேயே வரும். முழு வளையமாகக் கடைந்த பின் நான்காக அறுக்கப்படுவதால், ஒரே ஒரு திறப்பில்தான் இவை சரியான வட்டமாக அமையும். அந்த அளவில் தாடையின் வளைவு முழுவதும் மரத்தைத் தொடும். அதைவிட அகலமாகத் திறந்து பிடித்தால் தாடைகளின் எட்டு மூலைகள் மட்டுமே தொடும்; பிடி குறையும். கிண்ணத்தின் அடியில் விடும் கழுந்து, கிண்ண விட்டத்தில் சுமார் மூன்றில் ஒரு பங்காவது இருக்கவேண்டும் என்பது கடைசல்காரர்களின் கணக்கு. அப்படியானால் 10 அங்குலக் கிண்ணத்துக்கு 50 மி.மீ. தாடை போதாது, பெரிய தாடைத் தொகுதி தேவை. நியூசிலாந்தின் நோவா, ஆஸ்திரேலியாவின் விக்மார்க், கனடாவின் ஒன்வே ஆகிய தயாரிப்புகள் பெயர் பெற்றவை. ஒன்றின் தாடை மற்றொன்றில் பொதுவாகச் சேராது. ஆகவே கூடுதல் தாடைகள் எளிதில் கிடைக்குமா என்பதையும் முன்கூட்டியே விசாரிக்க வேண்டும்.

4. இறுக்கும் முறை. மலிவான சக்குகளில் இரண்டு கம்பிகளைச் செருகி எதிரெதிராகத் தள்ள வேண்டும். இரு கைகளும் அதற்கே போய்விடும். சாவி உள்ள சக்கில் ஒரு கை மரத்தைத் தாங்க, மறு கை திருகலாம். கை பலவீனமானவர்களுக்கு இந்த வேறுபாடு மிகப் பெரியது.

இங்கே டாக்டர் பால் பிராண்டின் அனுபவம் நமக்கு உதவுகிறது. மருத்துவம் படிக்குமுன் கட்டட வேலை கற்றவரான அவர், 1946-ல் வேலூருக்கு வந்து, தொழுநோயால் பாதிக்கப்பட்ட கைகளைச் சீரமைக்கும் பணியில் ஈடுபட்டார். துருப்பிடித்த பூட்டு ஒன்றை அவரால் திறக்க முடியவில்லை. உணர்ச்சியற்ற விரல்களையுடைய ஒரு சிறுவன் சாவியைத் திருகித் திறந்துவிட்டான். பார்த்தபோது அவன் விரல் எலும்பு தெரியும் அளவுக்கு வெட்டுண்டிருந்தது. அவனுக்கோ வலி தெரியவில்லை. வலி தெரியாத கை எங்கே நிறுத்துவது என்று அறியாது. அத்தகைய கைகள் பயன்படுத்தும் சக்கின் சாவிக்கு, தடித்த, மூலைகளற்ற, அகன்ற கைப்பிடி இருக்கவேண்டும். மெல்லிய கம்பிக் கைப்பிடி வேண்டாம்.

வாங்கிய பின் சோதிப்பது எப்படி?

முதலில் மரைகளைத் துடைத்து, சக்கைக் கையாலேயே தண்டில் ஏற்றவேண்டும். அது தடையின்றி ஏறி, தண்டின் தோளில் முழுவதுமாக உட்கார வேண்டும். இடைவெளி தெரிந்தால் அந்தச் சக் அந்த லேத்துக்கு உரியதல்ல.

பிறகு தாடைகளை 1, 2, 3, 4 என்ற வரிசையிலேயே மாட்டி, முழுவதும் திறந்து மூடிப் பார்க்கலாம். நடுவில் எங்கும் சிக்கக் கூடாது. மூடும்போது நான்கும் ஒரே நேரத்தில் நடுவில் சந்திக்க வேண்டும். அளவுக்கு மீறித் திறந்தால் தாடை கழன்று வராமல் தடுக்கும் முள் இருக்கிறதா என்றும் கவனிக்க வேண்டும்.

மூன்றாவதாக, ஒரு மரத்துண்டைப் பிடித்து உருண்டையாகக் கடைந்து, கழற்றி, மறுபடி அதே நிலையில் மாட்டிச் சுழற்றிப் பார்க்க வேண்டும். முதல் முறை தெரியும் சிறு ஆட்டம் பெரிதல்ல. கடையும்போது அது தானே சரியாகிவிடும். திரும்ப மாட்டும்போதும் அதிகமாக ஆடினால்தான் கவலைப்பட வேண்டும். பழைய சக் வாங்குவோர், தாடைத் திருகாணிகளின் தலை தேய்ந்திருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும்.

பிடி மரத்திலும் இருக்கிறது

எவ்வளவு நல்ல சக்கானாலும், கழுந்து தவறானால் மரம் நில்லாது. கழுந்தின் நீளம் தாடையின் ஆழத்தைவிடச் சற்றுக் குறைவாக இருக்கவேண்டும். கழுந்தின் நுனி உள்ளே முட்டக்கூடாது. மரத்தின் தோள்தான் தாடையின் முகப்பில் படிந்து உட்கார வேண்டும். கழுந்தின் பக்கச் சாய்வும் தாடையின் சாய்வும் ஒத்திருக்க வேண்டும். மரத்தில் குழி தோண்டித் தாடையை விரித்துப் பிடிப்பதானால், சுற்றிலும் போதிய அகலம் விட்டு, மிதமாகவே இறுக்கவேண்டும். இல்லாவிட்டால் மரம் ரேகையோடு பிளந்துவிடும்.

லேத்தை ஓட்டுமுன் சாவியை எடுத்துவிட வேண்டும். மரத்தை ஒரு சுற்று கையால் சுழற்றிப் பார்த்து, முகக்கவசம் அணிந்து, மரம் சுழலும் நேர்க்கோட்டிலிருந்து விலகி நின்று, குறைந்த வேகத்தில் தொடங்க வேண்டும். அங்குலத்தில் மரத்தின் விட்டத்தையும் நிமிடச் சுழற்சியையும் பெருக்கினால் 6000-க்கும் 9000-க்கும் இடையே வரவேண்டும் என்பது நெடுநாளாக வழங்கும் கணக்கு. அதன்படி 10 அங்குல மரத்துக்கு 600 முதல் 900 சுழற்சி.

லேத் வாங்கித்தர முன்வரும் நண்பர்களை நாங்கள் கேட்டுக்கொள்வது இதுவே: விலைப்பட்டியலைப் பார்க்குமுன், அந்த லேத்தின் மரை என்ன, அதில் எவ்வளவு பெரிய மரம் கடைவார்கள், சாவியைத் திருகப்போகும் கை யாருடையது என்று விசாரியுங்கள். இம்மூன்றுக்கும் விடை கிடைத்துவிட்டால், எந்தச் சக் வாங்குவது என்பது பெரும்பாலும் முடிவாகிவிடும்.