வீட்டில் ஒரு திரைப்படத் தொகுப்பு: எதை முதலில் காப்பது?



வீட்டில் படங்களைச் சேர்த்து வையுங்கள் என்று சொன்னால் மாணவர்களிடமிருந்து வரும் முதல் கேள்வி, "எல்லாமே இணையத்துல இருக்கே டீச்சர், இன்னும் எதுக்கு அலமாரியில அடுக்கணும்?" என்பதுதான். நியாயமான கேள்வி. ஆனால் சந்தா கட்டிப் பார்க்கும் தளத்தில் இருக்கும் படம் நம்முடையது அல்ல. தளத்துக்கும் படத்தின் உரிமையாளருக்கும் உள்ள ஒப்பந்தம் முடிந்தால் படம் சொல்லாமல் கொள்ளாமல் போய்விடும். இரண்டாம் தவணையில் காட்டலாம் என்று குறித்து வைத்த படம் அந்த நேரத்தில் அங்கே இருக்கும் என்பதற்கு யாரும் உத்தரவாதம் தருவதில்லை. இலவசமாகக் கிடைக்கும் பழைய படங்களின் கதை வேறு. பாட்டை வெட்டியிருப்பார்கள், சதுரமாக எடுத்த படத்தை அகலத் திரைக்குப் பொருத்துகிறோம் என்று மேலேயும் கீழேயும் நறுக்கியிருப்பார்கள். நடிகரின் தலையில் பாதியைக் காணோம். பார்ப்பவருக்கு முழுப் படம் பார்த்த நினைப்பு.

படங்கள் தொலைந்து போகும் என்பது வெறும் பயமுறுத்தல் இல்லை. தமிழ்த் திரையின் தொடக்கமே அப்படித்தான் தொலைந்தது. நடராஜ முதலியார் சென்னையில் எடுத்த 'கீசக வதம்' தென்னிந்தியாவின் முதல் மௌனக் கதைப்படம். இன்று அதன் ஒரு பிரதிகூட இல்லை. 1931-இல் வந்த 'காளிதாஸ்', தமிழ் பேசிய முதல் படம். அதுவும் இல்லை. தமிழ்ப் பேசும் படம் எப்படித் தொடங்கியது என்று மாணவர் கேட்டால் நாம் காட்டுவதற்குப் பத்திரிகை விளம்பரமும் சில நிழற்படங்களும்தான் மிச்சம். அந்தக் காலத்துப் படச்சுருள் நைட்ரேட்டால் ஆனது. எளிதில் தீப்பிடிக்கும், வெப்பத்தில் தானாகவே சிதையும். ஆனால் அதைவிடப் பெரிய காரணம், ஓடி முடிந்த படத்தை வைத்துக் காப்பது யார் வேலை என்று யாரும் நினைக்காததுதான். இந்தியத் தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகம் புனேயில் தொடங்கியதே 1964-இல்தான்.

இதில் நமக்கு என்ன என்று கேட்கலாம். ரஜினி படத்தையோ சிவாஜி படத்தையோ காப்பாற்றப் பல பேர் இருக்கிறார்கள். 'கர்ணன்' 1964-இல் வந்தது. 2012-இல் அதைச் சீரமைத்து மறுபடி திரையரங்கில் ஓட்டினார்கள், நல்ல கூட்டம். வியாபாரம் இருக்கும் இடத்தில் காவலும் இருக்கும். நம் ஊரில் எடுத்த தமிழ்ப் படங்களுக்கு அந்த வியாபாரம் கிடையாது. தீபக் குமாரன் மேனனின் 'செம்மண் சாலை' (2005), தோட்டத்துக் குடும்பம் ஒன்றின் கதை. சஞ்சய் குமார் பெருமாளின் 'ஜகாட்' (2015), 28-வது மலேசியத் திரைப்பட விழாவில் சிறந்த மலேசியப் படமாகத் தேர்வானது. சிங்கப்பூரில் எரிக் கூ தமிழில் எடுத்த 'மை மேஜிக்' 2008-இல் கான் விழாவின் போட்டிப் பிரிவுக்கே போனது. இவற்றின் அசல் வட்டு எங்காவது கண்ணில் பட்டால் யோசிக்காமல் வாங்கி வையுங்கள். சிங்கப்பூரில் 2005-இல் தொடங்கிய ஆசியத் திரைப்பட ஆவணக் காப்பகம் இருக்கிறதுதான். ஆனாலும் தொலைக்காட்சியில் ஒருமுறை ஓடிய தீபாவளிச் சிறப்பு நாடகத்தையும், பள்ளி ஆண்டு விழாவையும், தோட்டத்துக் கோயில் திருவிழாவையும் எந்தக் காப்பகமும் தேடி வந்து எடுத்துக்கொள்ளாது. அவை நம் வீட்டு அலமாரியில் ஒரு பழைய கேசட்டில் இருந்தால் இருக்கும், இல்லாவிட்டால் இல்லை.

ஆகவே தொகுப்பைத் தொடங்கும்போது "எந்தப் படத்தை வாங்கலாம்?" என்று கேட்காதீர்கள். "வேறு யாரிடமும் இல்லாதது நம்மிடம் என்ன இருக்கு?" என்று கேளுங்கள். அங்கிருந்துதான் தொடங்க வேண்டும்.

கேசட்டுகளுக்கு முதலிடம்

80-களிலும் 90-களிலும் நம் வீடுகளில் சேர்ந்தவை விஎச்எஸ் கேசட்டுகள். கல்யாண வீடியோ, தொலைக்காட்சியிலிருந்து பதிவு செய்த நாடகம், பள்ளி விழா. அவற்றில் இருப்பது காந்தப் பூச்சுள்ள நாடா. நம் ஊர் ஈரப்பதத்தில் அதில் பூஞ்சை பிடிப்பது சர்வ சாதாரணம். கேசட்டின் சின்னக் கண்ணாடி வழியாகப் பார்த்தால் நாடாச் சுருளின் விளிம்பில் வெள்ளையாகப் பொடி தெரியும். அப்படித் தெரிந்தால் தயவுசெய்து அதைப் பிளேயரில் போடாதீர்கள். பூஞ்சை பிளேயரின் தலைப்பகுதியில் ஒட்டும், அடுத்து போடும் நல்ல கேசட்டுக்கும் போகும். அந்த மாதிரிக் கேசட்டுகளைத் தனியாக ஒரு பையில் கட்டி வைத்து, சுத்தம் செய்து மாற்றித் தரும் கடைக்கு எடுத்துப் போவதே நல்லது.

நல்ல நிலையில் இருப்பதை வீட்டிலேயே மாற்றலாம். ஓடுகிற ஒரு வீடியோ பிளேயர், மஞ்சள் சிவப்பு வெள்ளை முனை கொண்ட கம்பி, கணினியில் செருகும் சிறிய பதிவுக் கருவி, இவை போதும். பல ஆண்டு சும்மா கிடந்த நாடாவை முதலில் ஒருமுறை கடைசி வரை ஓட்டி, திரும்பச் சுற்றி, பிறகு பதிவைத் தொடங்குங்கள். ஒட்டிக்கொண்டிருக்கும் சுற்றுகள் பிரியும். இதில் குறுக்குவழி கிடையாது. மூன்று மணி நேரக் கேசட்டை மாற்ற மூன்று மணி நேரம் ஆகும். பள்ளி விடுமுறைக்கு ஏற்ற வேலை.

இதைத் தள்ளிப் போட வேண்டாம் என்பதற்கு ஒரு காரணம் சொல்கிறேன். வீடியோ பிளேயர்களைக் கடைசி வரை செய்துவந்த ஜப்பானின் ஃபுனாய் நிறுவனம் 2016 ஜூலையோடு நிறுத்திவிட்டது. இனி இருப்பவை எல்லாம் பழைய பிளேயர்கள்தான். நாடா தாக்குப்பிடித்தாலும் அதை ஓட்ட இயந்திரம் கிடைக்காத நாள் வரும்.

மாற்றிய கோப்பு எவ்வளவு இடம் பிடிக்கும்? டிவி என்ற வடிவத்தில் ஒரு மணி நேரத்துக்குச் சுமார் 13 கிகாபைட். தரம் அதிகம் குறையாது, பின்னால் வெட்டி ஒட்டவும் வசதி. 1 டெராபைட் வன்வட்டில் 75 மணி நேரம்வரை அடங்கும். அவ்வளவு இடம் இல்லையென்றால் எம்பி4 ஆகச் சுருக்கி வைக்கலாம். எதில் வைத்தாலும் ஒரே இடத்தில் வைக்காதீர்கள். மூன்று பிரதி, இரண்டு வகைச் சாதனம், அதில் ஒன்று வேறு வீட்டில். இது காப்பகத்தார் சொல்லும் கணக்கு. தம்பி வீட்டில் ஒரு வன்வட்டைக் கொடுத்து வைத்தால் வெள்ளம் வந்தாலும் திருடன் வந்தாலும் ஒன்று மிஞ்சும். வன்வட்டும் சாகாவரம் பெற்றதில்லை. ஆறு மாதத்துக்கு ஒருமுறை செருகி ஓட்டிப் பாருங்கள்.

வட்டு வாங்கும்போது

விசிடி, டிவிடி, புளூரே மூன்றும் பார்க்க ஒரே மாதிரிதான், ஆனால் உள்ளே வேறு வேறு. விசிடியில் சுமார் 74 நிமிடம்தான் அடங்கும். அதனால்தான் ஒரு தமிழ்ப் படம் இரண்டு மூன்று வட்டாக வந்தது. படத்தின் தெளிவு கேசட் அளவுதான். டிவிடி ஓர் அடுக்கு 4.7 கிகாபைட், இரண்டு அடுக்கு 8.5. இதை நினைவில் வைத்துக்கொண்டால் "ஒரே வட்டில் மூன்று படம்" என்று விற்பதன் ரகசியம் புரியும். இரண்டரை மணி நேரப் படங்கள் மூன்றை அதற்குள் திணித்தால் முகமெல்லாம் கட்டம் கட்டமாகத்தான் தெரியும். பேருந்தில் பார்க்க அது போதும். வகுப்பில் பெரிய திரையில் போட்டால் பின்வரிசை மாணவர்களுக்கு ஒன்றும் விளங்காது.

வட்டாரக் குறியீட்டையும் பாருங்கள். டிவிடியில் மலேசியாவும் சிங்கப்பூரும் 3, இந்தியா 5. புளூரேயில் நாம் ஏ, இந்தியா சி. சென்னையில் ஆசையாக வாங்கி வந்த வட்டு இங்கே ஓடாமல் போவதற்கு இதுதான் காரணம். எல்லா வட்டாரத்துக்கும் பொதுவான வட்டு என்று உறையில் போட்டிருந்தால் கவலையில்லை.

பசார் மாலாமில் கிடைத்த நகல்களைத் தொகுப்பில் சேர்க்க வேண்டாம். சட்டம் ஒரு பக்கம் இருக்கட்டும், திரையரங்கில் கேமராவை ஒளித்து எடுத்த படத்தில் முன்னால் எழுந்து போகிறவர் தலையும் சேர்ந்தே வரும். மலேசியாவில் அசல் வட்டின் உறையில் அமைச்சின் ஒளிமுத்திரை ஒட்டியிருக்கும். பழைய வட்டு வாங்கும்போதும் அதைத் தேடுங்கள். உறையில் 'வீட்டில் பார்ப்பதற்கு மட்டும்' என்று அச்சடித்திருப்பதையும் படியுங்கள். வட்டு நம்முடையதாக இருந்தாலும் அதைக் கூட்டத்துக்குப் போட்டுக் காட்டும் உரிமை கூடவே வருவதில்லை. பள்ளியில் காட்டும் முன் நிர்வாகத்திடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

வட்டுகளை நட்டுக்குத்தாக, புத்தகம் மாதிரி நிறுத்தி வையுங்கள். பிளாஸ்டிக் பைக்குள் அடுக்கடுக்காகச் செருகினால் உரசும். அலமாரியில் சிலிக்கா பொட்டலம் போட்டு வைக்கலாம். நிழற்படக்காரர்கள் பயன்படுத்தும் ஈரம் நீக்கும் பெட்டி இருந்தால் இன்னும் நல்லது.

பட்டியல் இல்லாவிட்டால் தொகுப்பு இல்லை

300 படம் வைத்திருப்பார்கள், கேட்டால் தேடி எடுக்க முடியாது. அது குவியல். ஒரு நோட்டுப் புத்தகம் போதும். கணினி அட்டவணை இன்னும் வசதி. படத்தின் பெயரைத் தமிழிலேயே எழுதுங்கள். ரோமன் எழுத்தில் எழுதினால் 'ழ'வுக்கு ஒருவர் ஒரு எழுத்தும் இன்னொருவர் இரண்டு எழுத்தும் போடுவார். 'காதல்' மூன்று இடத்தில் மூன்று விதமாக உட்கார்ந்திருக்கும். பெயருக்குப் பக்கத்தில் ஆண்டு கட்டாயம். 'பில்லா' 1980-இல் ஒன்று, 2007-இல் ஒன்று. 'தில்லு முல்லு' 1981-இலும் உண்டு, 2013-இலும் உண்டு. 'அம்பிகாபதி' 1937, 1957. மாணவர் கட்டுரையில் ஆண்டு இல்லாமல் பெயரை மட்டும் எழுதினால் எந்தப் படம் என்று திருத்துபவர் யோசிக்க வேண்டி வரும்.

அடுத்து இயக்குநர், மூலக்கதை, தணிக்கைத் தரம். மலேசியாவில் இப்போது யூ, பி12, 13, 16, 18 என்றும் சிங்கப்பூரில் பிஜி13, என்சி16, எம்18 என்றும் வரும். கடைசியாக ஒரு பத்தியை ஆசிரியர்கள் சேர்த்துக்கொள்ளலாம்: எந்த நிமிடத்தில் எந்தக் காட்சி, அது எந்தப் பாடத்துக்கு உதவும். முழுப் படத்தை வகுப்பில் போட நேரமேது? நான்கு நிமிடக் காட்சி ஒன்று போதும். சிங்கப்பூரில் தாய்மொழி வாய்மொழித் தேர்வில் காணொளியைப் பார்த்து உரையாடும் பகுதி இருக்கிறது. ஒலியை நிறுத்திவிட்டுக் காட்சியை ஓட்டி, "இவங்க ஏன் பேசாம நிக்கிறாங்க?" என்று கேட்டுப் பாருங்கள். மாணவர்கள் வாய் திறப்பார்கள்.

மூலக்கதைப் பத்தி இலக்கியம் எடுக்கும் மாணவர்களுக்காக. மகேந்திரனின் 'உதிரிப்பூக்கள்' (1979) புதுமைப்பித்தனின் 'சிற்றன்னை'யிலிருந்து பிறந்தது. 'மலைக்கள்ளன்' (1954) நாமக்கல் கவிஞரின் நாவல், 'முள்ளும் மலரும்' (1978) உமாசந்திரனுடையது, 'சில நேரங்களில் சில மனிதர்கள்' (1977) ஜெயகாந்தனுடையது. பூமணியின் 'வெக்கை' 2019-இல் 'அசுரன்' ஆனது. அதில் வெட்டும் குத்தும் அதிகம், கீழ்ப்படிவ மாணவர்களுக்கு ஏற்றதல்ல. 'சிற்றன்னை'யைப் படித்துவிட்டு 'உதிரிப்பூக்கள்' பார்ப்பவருக்கு, கதையில் எந்த இழையை மட்டும் இயக்குநர் கையில் எடுத்துக்கொண்டார், எதையெல்லாம் விட்டுவிட்டார் என்பது தெரியும். திறனாய்வுக் கேள்விக்கு இதைவிட நல்ல பயிற்சி எனக்குத் தெரியவில்லை.

வரிசையை மாற்றிவிடாதீர்கள். படத்தைப் பார்த்துவிட்டு நாவலைப் படித்த மாதிரி விடை எழுதும் மாணவர்கள் உண்டு, உடனே மாட்டிக்கொள்வார்கள். கல்கியின் 'பொன்னியின் செல்வ'னில் அருள்மொழிவர்மர் முடியைச் சூட்டுவது சேந்தன் அமுதனுக்கு. அவன்தான் உண்மையான மதுராந்தகன் என்று கதை முடிச்சு அவிழும். மணிரத்னத்தின் இரண்டாம் பாகத்தில் (2023) அந்த முடிச்சே கிடையாது. நாவலில் வரும் மணிமேகலையும் படத்தில் இல்லை. படத்தை மட்டும் நம்பி எழுதினால் இந்த இரண்டு இடத்திலும் மதிப்பெண் போய்விடும்.

இரவல் கொடுப்பதைப் பற்றியும் ஒரு வார்த்தை. கொடுங்கள், பூட்டி வைத்த படத்தால் யாருக்கு என்ன லாபம்? ஆனால் பட்டியலில் அந்தப் படத்துக்கு நேராக யார், எந்தத் தேதி என்று எழுதிவிட்டுக் கொடுங்கள். வேறு பிரதி இல்லாத கேசட்டை மட்டும் வீட்டை விட்டு அனுப்பாதீர்கள். கேட்பவரை வீட்டுக்குக் கூப்பிட்டுத் தேநீர் கொடுத்துப் போட்டுக் காட்டலாம்.