சுரூபமில்லாத குடில்

1223-ஆம் ஆண்டு கிறிஸ்து பிறப்பு இரவில், இத்தாலி நாட்டுக் கிரேச்சியோவில் புனித பிரான்சிஸ் அசிசியார் அமைத்த குடிலில் பாலன் சுரூபம் இருந்ததாக, அவர் வரலாற்றை முதலில் எழுதிய செலானோ தோமாஸ் கூறவில்லை. வைக்கோல் பரப்பிய முன்னிட்டி, உயிருள்ள எருது, கழுதை; அவ்வளவே. தேவபாலன் பட்ட இல்லாமையை ஊனக்கண்ணால் காண வேண்டுமென்பதே அவர் ஆவல். ஊரார் தீப்பந்தங்களோடு வந்தனர். முன்னிட்டியின்மீதே திருப்பலி நிறைவேறியது. திருத்தொண்டரான பிரான்சிஸ் நற்செய்தியைப் பாடினார். 'பெத்லகேம்' என்னும் சொல்லை ஆட்டுக்குட்டி கத்துவதுபோல் உச்சரித்தாராம்! குடிலுக்கு மின்விளக்குச் சரம் கட்டிய கையோடு பலகாரத் தட்டை ஏந்தி ஓடும் நமக்கு இது விந்தையாகத் தோன்றலாம்.

அன்று அங்கிருந்த புண்ணியவாளர் ஒருவர் காட்சி கண்டார்: முன்னிட்டியில் உயிரற்றதுபோல் ஒரு குழந்தை, பிரான்சிஸ் நெருங்கி அதனை ஆழ்ந்த உறக்கத்தினின்று எழுப்புகிறார். பலர் நெஞ்சில் மறக்கப்பட்டுக் கிடந்த இயேசு பாலனே அக்குழந்தை என்கிறார் தோமாஸ்.