நாய்க்குச் செய்த கருவி

"நாய் வைத்தியர்" என்று ஒருவரைக் குறிப்பிடும்போது நம்மவர் குரலில் சற்றே இளக்காரம் தொனிப்பது வழக்கம். மனிதருக்கு வைத்தியம் செய்ய இயலாதவர்தாம் மிருகங்களிடம் போகிறார் என்ற எண்ணம் எப்படியோ வேரூன்றிவிட்டது. இரண்டாவது உலக யுத்தத்தில் கால் ஒடிந்த கப்பற்படை வீரர்கள் ஒரு நாய் வைத்தியரின் கருவியால் குணமடைந்தார்கள் என்பதை அறிந்தால், நேயர்கள் அவ்வெண்ணத்தைக் கைவிடுவார்கள் என்று நம்புகிறோம்.

அவர் பெயர் ஓட்டோ ஸ்டேடர். அமெரிக்காவில் பென்ஸில்வேனியா மாகாணத்து ஆர்ட்மோர் என்ற ஊரில் மிருக வைத்தியம் செய்துவந்தவர். அந்நாளில் தொடை எலும்பு முறிந்த நாயின் நிலைமை பரிதாபமானது. மனிதனிடம் "அசையாமல் படுத்திரு" என்று சொல்லலாம். நாயிடம் சொல்ல முடியுமா? பத்தை வைத்துக் கட்டினால் கடித்துப் பிய்த்துவிடும். மாவுக்கட்டு நனைந்து இளகும். உள்ளே தோல் புண்ணாகும். எலும்பு கோணலாகக் கூடி அப்பிராணி ஆயுள் முழுதும் நொண்டும். இல்லாவிடில் எஜமானன் மனத்தைக் கல்லாக்கிக்கொண்டு அதன் உயிரைப் போக்கச் சொல்லுவான்.

ஸ்டேடர் கட்டையே விலக்கிவிட்டார். முறிவுக்கு மேலே இரண்டு, கீழே இரண்டாக உலோக ஊசிகளைத் தோல் வழியே எலும்பில் செலுத்தினார். வெளியே நீட்டிய முனைகளை ஓர் உலோகத் தண்டினால் இணைத்தார். தண்டிலுள்ள திருகுகளைத் திருப்பினால், விலகிய எலும்புகள் நேராகி ஒன்றோடொன்று பொருந்தும். மூட்டுகளுக்குத் தடையில்லை, ஆகவே நாய் விரைவிலேயே காலை ஊன்றத் தொடங்கும். இம்முறையை அவர் 1937-ல் வைத்தியப் பத்திரிகையில் வெளியிட்டார்.

எலும்பில் ஊசி பாய்ச்சி வெளியிலிருந்து பிணைப்பது முற்றிலும் புதிதன்று. அமெரிக்காவில் பார்க்ஹில்லும் பெல்ஜியத்தில் லம்பாட்டும் மனிதருக்கு முன்பே அதைச் செய்திருந்தனர். திருகினாலேயே எலும்பை நேர்ப்படுத்தும் வசதிதான் ஸ்டேடர் கருவியின் சிறப்பு. நியூயார்க் பெல்வ்யூ ஆஸ்பத்திரியின் ரண வைத்தியர்களான லூயிஸும் பிரைடன்பாக்கும் அதை மனிதருக்குப் பயன்படுத்தி, 1942-ல் அனுபவத்தை எழுதினர். அமெரிக்கக் கப்பற்படையும் ஏற்றுக்கொண்டது. ஆடும் கப்பலில் காலில் எடை தொங்கவிட்டு ஒருவனை மாதக்கணக்கில் படுக்க வைப்பது எங்ஙனம்? இக்கருவி பூட்டிய வீரனையோ ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்துக்குக் கொண்டுசெல்லலாம்.

குறைகளும் இல்லாமலில்லை. ஊசி நுழைந்த இடத்தில் சீழ் பிடித்தது. தேர்ச்சியற்ற கைகளில் தீமையே விளைந்தது. யுத்தத்திற்குப் பின் மனித வைத்தியர் பலர் அதை ஒதுக்கினர். மிருக வைத்தியர்கள் ஒதுக்கவில்லை. ஏமர் என்ற மற்றொரு மிருக வைத்தியர் அதை எளிமையாக்கினார். கிர்ஷ்னர்-ஏமர் என்ற பெயரில் அது நாய் பூனைகளுக்குப் பல்லாண்டு உதவிற்று. பிற்காலத்தில், வெளியிலிருந்து எலும்பைப் பிணைக்கும் முறை மனித வைத்தியத்திலும் மீண்டும் இடம் பெற்றது.

இன்று இத்துறை ஒரு தனிக் கலையாக வளர்ந்திருக்கிறது. மிருக ரண வைத்தியர்களுக்கான அமெரிக்கக் கல்லூரி 1965-ல் நிறுவப்பட்டது. அதன் தகுதி பெற விரும்புவோர், பட்டம் பெற்ற பிறகும் நான்கு ஆண்டுகளுக்குக் குறையாமல் பயில வேண்டும். இரண்டு கிலோ பூனைக்கும் ஐம்பது கிலோ நாய்க்கும் ஒரே கையால் எலும்பு கூட்டுவது எளிய வித்தையா?

வாய் பேசாத பிராணி தன் நோவைச் சொல்லாது, கட்டளைக்கும் அடங்காது. அத்தகைய நோயாளிக்கென்று தேடிய வழிதான் மனிதனுக்கும் பயன்பட்டது. நாய் வைத்தியரைக் கண்டால் இனி நாம் சற்று மரியாதையுடனேயே வணங்கலாம்.