அலெக்சாந்தரின் பின்வந்தோர்: குருதியுரிமையும் வெற்றியுரிமையும்

முன்னுரை

மாசிடோனியப் பேரரசர் அலெக்சாந்தர் கி.மு. 323இல் பாபிலோனில் மறைந்தபோது ஆளும் திறனுடைய வாரிசு எவரும் இலர். ‘தியாதோக்கோய்’ (பின்வந்தோர்) எனப்படும் அவர்தம் தளபதியர் ஏறத்தாழ நாற்பதாண்டுகள் தமக்குள் போரிட்டனர். இப்போட்டியில் அரசுரிமையின் அடிப்படை குருதிவழியினின்று போர்வெற்றிக்கு மாறியதை இக்கட்டுரை விளக்குகிறது.

பெயரளவில் அரசர்

அலெக்சாந்தரின் தந்தைக்கு வேறொரு மனைவியிடம் பிறந்த அரிதேயசு, மூன்றாம் பிலிப்பு என்னும் பெயரிலும், ரொக்சானா பெற்ற மகன் நான்காம் அலெக்சாந்தர் என்னும் பெயரிலும் அரசராயினர். முன்னவர் அறிவுத்திறன் குன்றியவர், பின்னவர் கைக்குழந்தை. அதிகாரம் பெர்திக்காசிடம் இருந்தது. தாலமி மறைந்த மன்னரின் உடலை எகிப்துக்குக் கொண்டுசென்றார். அவ்வுடலும் உரிமைச் சான்றாயிற்று. அவர்மீது படையெடுத்த பெர்திக்காசு தம் படைத்தலைவர்களாலேயே கொல்லப்பட்டார். கி.மு. 317இல் அலெக்சாந்தரின் தாய் ஒலிம்பியாசின் ஆணையால் பிலிப்பும் மாண்டார்.

உடன்படிக்கையும் கொலையும்

சிறுவர் உரிய வயதடையும்வரை கசாந்தர் ஐரோப்பியத் தளபதியாக இருப்பார் என கி.மு. 311இல் உடன்படிக்கை எழுந்தது. சிறுவரின் உரிமையைக் காப்பதாகத் தோன்றும் இவ்விதி, அவர் வளர்ந்தால் கசாந்தரின் பதவி முடியும் என்பதையும் உள்ளடக்கியிருந்தது. சில ஆண்டுகளுக்குள் கசாந்தரின் ஆணைப்படி தாயும் மகனும் கொல்லப்பட்டனர். எனினும் உடனே எவரும் முடிசூடவில்லை. எகிப்திய ஆவணங்கள் இறந்த சிறுவரின் ஆட்சியாண்டையே தொடர்ந்து குறித்தன.

வெற்றியால் வந்த முடி

கி.மு. 306இல் சைப்பிரசின் சலாமிசு அருகே திமெத்திரியசு தாலமியின் கடற்படையை முறியடித்தார். அவ்வெற்றியைக் காரணமாக்கி அவரும் அவர்தம் தந்தை அந்திகோனசும் அரசப் பட்டம் பூண்டனர். அடுத்த ஓரிரு ஆண்டுகளில் தாலமி, செலூக்கசு, லிசிமாக்கசு, கசாந்தர் ஆகியோரும் அவ்வாறே அரசராயினர். வெற்றியால் வந்த முடி தோல்வியால் நீங்கும். கி.மு. 301இல் இப்சசு போர்க்களத்தில் அந்திகோனசு வீழ்ந்தார். சந்திரகுப்த மௌரியரிடம் பெற்ற யானைகள் செலூக்கசுக்கு அங்குத் துணைநின்றன.

முடிவுரை

வெற்றியால் அரசரானோர் தம் ஆட்சியை நிலைநிறுத்த மீண்டும் குருதிவழியையே நாடினர். செலூக்கசும் தாலமியும் தம் மைந்தரை வாழ்நாளிலேயே இணையரசராக்கினர். அவ்வாறு தாலமியால் ஒதுக்கப்பட்ட மூத்த மகன் கெரௌனசே கி.மு. 281இல் செலூக்கசைக் கொன்று மாசிடோனியாவைக் கைப்பற்றினார். வாரிசுச் சிக்கலில் தோன்றிய போட்டி, அடுத்த தலைமுறையின் வாரிசுச் சிக்கலாகவே தொடர்ந்ததை இதனால் அறியலாம்.