கரண்ட் கட் காப்பாற்றிய கப்பல் நிறுவனம்: வைரஸ் தாக்கிய கணினியை பேக்கப்பில் இருந்து மீட்பது எப்படி?

2017 ஜூன் 27. டென்மார்க் தலைநகர் கோபன்ஹேகனில் உள்ள மெர்ஸ்க் கப்பல் நிறுவனத்தின் தலைமை அலுவலகத்தில் கணினித் திரைகள் ஒன்றன்பின் ஒன்றாகக் கறுத்தன. சிலவற்றில் 300 டாலர் மதிப்புள்ள பிட்காயின் கேட்டு மிரட்டல் செய்தி தெரிந்தது. விஷயம் புரிந்தவர்கள், "உடனே கணினியை அணையுங்கள்" என்று கத்திக்கொண்டே அறை அறையாக ஓடினார்கள். ஆனால் அதற்குள் காரியம் கைமீறிவிட்டது.

மெர்ஸ்க் குழுமம் நடத்தும் துறைமுக முனையங்கள் பல நாடுகளில் முடங்கின. மும்பைக்கு அருகே உள்ள ஜவஹர்லால் நேரு துறைமுகத்தின் ஒரு முனையமும் அதில் அடக்கம். பிறகு சுமார் 4,000 சர்வர்கள், 45,000 கணினிகள், 2,500 மென்பொருள்கள் என எல்லாவற்றையும் 10 நாட்களில் மறுபடி நிறுவியதாக நிறுவனத்தின் தலைவர் ஜிம் ஹகமன் ஸ்னாபே 2018-ல் டாவோஸ் மாநாட்டில் கூறினார். இழப்பு 25 முதல் 30 கோடி டாலர் வரை என்று நிறுவனமே மதிப்பிட்டது.

உங்கள் லேப்டாப்புக்கும் இந்தக் கதைக்கும் என்ன தொடர்பு? நிறையவே இருக்கிறது.

பணம் கட்டியிருந்தால் தீர்ந்திருக்குமா?

தீர்ந்திருக்காது. 'நாட்பெட்யா' எனப்படும் அந்தத் தீநிரல், உக்ரைனில் பரவலாகப் பயன்படும் 'எம்.இ.டாக்' என்ற கணக்கு மென்பொருளின் அப்டேட் வழியாக நுழைந்தது. பார்ப்பதற்குப் பணம் பறிக்கும் ரேன்சம்வேர் போலத்தான் இருந்தது. ஆனால், பாதிக்கப்பட்டவருக்குத் திரையில் காட்டிய அடையாள எண் வெறும் குத்துமதிப்பான எழுத்துக் கோவை. பணம் வந்தாலும், அதை வைத்துப் பூட்டைத் திறக்கும் சாவியைத் தர தாக்கியவர்களாலேயே முடியாது. பணம் பறிப்பது அதன் நோக்கமல்ல, அழிப்பதுதான் நோக்கம்.

எனவே மிச்சமிருந்த ஒரே வழி, பேக்கப். மெர்ஸ்க் நிறுவனத்தின் பெரும்பாலான சர்வர்களுக்கு 3 முதல் 7 நாட்களுக்கு முந்தைய பேக்கப் இருந்தது. ஆனால், ஒரே ஒரு முக்கியமான விஷயத்துக்கு மட்டும் இல்லை.

150 பிரதிகள், மிஞ்சியது ஒன்று

யார் உள்ளே வரலாம், யாருக்கு எந்த அனுமதி என்று தீர்மானிக்கும் சர்வருக்கு 'டொமைன் கன்ட்ரோலர்' என்று பெயர். அது இல்லாமல் மற்ற சர்வர்களை மீட்டும் பயனில்லை. மெர்ஸ்க்கிடம் உலகம் முழுக்க சுமார் 150 டொமைன் கன்ட்ரோலர்கள் இருந்தன. ஒன்றில் மாற்றம் செய்தால் மற்றவையும் தானாகவே மாறிக்கொள்ளும். 'ஒன்று போனால் இன்னொன்று இருக்கிறதே' என்ற நம்பிக்கையில், தனியாக பேக்கப் எடுக்கவில்லை. எல்லாமே ஒரே நேரத்தில் போகும் என்று யாரும் நினைக்கவில்லை. போயின.

தப்பியது ஒன்றே ஒன்று. மேற்கு ஆப்பிரிக்க நாடான கானாவில் இருந்த அலுவலகத்தில், தாக்குதலுக்குச் சற்று முன்பு கரண்ட் போய்விட்டது. சர்வர் அணைந்து கிடந்ததால் தீநிரல் அதை எட்டவில்லை. பல நூறு ஜி.பி. தரவை அங்கிருந்து இன்டர்நெட்டில் அனுப்பலாம் என்றால், வேகம் குறைவு, நாள் கணக்கில் ஆகும். பிரிட்டன் விசாவும் கானா ஊழியர்களிடம் இல்லை. கடைசியில் ஒருவர் ஹார்ட் டிஸ்க்கை எடுத்துக்கொண்டு நைஜீரியா பறந்தார். அங்கே விமான நிலையத்தில் அதை வாங்கிக்கொண்ட இன்னொரு ஊழியர் லண்டனுக்கு விமானம் ஏறினார். மீட்புப் பணி அந்த டிஸ்க்கில் இருந்துதான் சூடுபிடித்தது.

சிங்க் வேறு, பேக்கப் வேறு

மெர்ஸ்க் செய்த அதே தவறைத்தான் நம்மில் பலர் தினமும் செய்கிறோம். "எல்லா ஃபைலும் டிரைவ்லதானே இருக்கு, அப்புறம் என்ன பயம்?" என்போம். கூகுள் டிரைவ், ஒன்டிரைவ் போன்றவற்றின் அடிப்படை வேலை சிங்க் செய்வது. லேப்டாப்பில் ஒரு ஃபைலை ரேன்சம்வேர் பூட்டினால், பூட்டப்பட்ட ஃபைலே மேலேயும் போய் உட்காரும். பழைய பதிப்புக்குத் திரும்பும் வசதி உண்டு என்றாலும், அதற்குக் கால வரம்பு இருக்கிறது. எப்போதும் லேப்டாப்பில் செருகியே வைத்திருக்கும் எக்ஸ்டர்னல் டிஸ்க்கும் அப்படித்தான். கணினி எதைத் தொட முடியுமோ, அதைத் தீநிரலும் தொட முடியும்.

விண்டோஸில் உள்ள 'சிஸ்டம் ரீஸ்டோர்' போதாதா? போதாது. அது உங்கள் ஆவணங்களைக் காப்பதில்லை. தவிர, 2017 மே மாதம் உலகை உலுக்கிய வான்னாக்ரை உட்பட பல ரேன்சம்வேர்கள், விண்டோஸ் உள்ளேயே சேமித்து வைக்கும் மீட்புப் பிரதிகளைத் தேடி அழித்துவிடும்.

முழு சிஸ்டம் பேக்கப் என்றால் என்ன?

போட்டோ, டாக்குமென்ட் என்று ஃபைல்களை மட்டும் காப்பி செய்வது ஒரு வகை. விண்டோஸ், நிறுவிய மென்பொருள்கள், செட்டிங்ஸ், ஃபைல்கள், கணினியை எழுப்பும் பூட் பகுதி என டிஸ்க்கை அப்படியே படம் பிடித்து வைப்பது இன்னொரு வகை. இதற்கு 'சிஸ்டம் இமேஜ்' என்று பெயர். டிஸ்க் முழுக்க நாசமானாலும், இமேஜ் எடுத்த அன்று கணினி எப்படி இருந்ததோ அதே நிலைக்குக் கொண்டுவரலாம்.

விண்டோஸ் 10, 11-ல் கன்ட்ரோல் பேனலில் உள்ள 'பேக்கப் அண்ட் ரீஸ்டோர்' பகுதியில் இந்த வசதி இருக்கிறது. மைக்ரோசாஃப்ட் இதை இப்போது மேம்படுத்துவதில்லை என்பதால், இதற்கென உள்ள தனி மென்பொருள்களைப் பலர் பயன்படுத்துகிறார்கள். மேக் வைத்திருப்பவர்களுக்கு 'டைம் மெஷின்' உண்டு. அவர்கள் இயங்குதளத்தைப் புதிதாக நிறுவிவிட்டு, அதிலிருந்து மற்றவற்றைக் கொண்டுவரலாம்.

தாக்கிவிட்டது. வரிசையாக என்ன செய்வது?

அலுவலக லேப்டாப் என்றால் நீங்களே எதையும் செய்யாதீர்கள். நெட்டைத் துண்டித்துவிட்டு ஐ.டி. குழுவுக்குச் சொல்லுங்கள். வெட்கப்பட்டு மறைத்தால் அது பக்கத்து மேசைக்கும் போகும். சொந்தக் கணினி என்றால்:

1. வைஃபை, லேன் வயர் இரண்டையும் துண்டியுங்கள். பென் டிரைவ், எக்ஸ்டர்னல் டிஸ்க் எது இருந்தாலும் கழற்றுங்கள்.

2. பதற்றத்தில் பேக்கப் டிஸ்க்கைக் கொண்டுவந்து செருகாதீர்கள். பலர் கோட்டை விடுவது இங்கேதான். கணினி சுத்தமாகாத வரை அந்த டிஸ்க் அதன் பக்கமே வரக்கூடாது.

3. வேறொரு சுத்தமான கருவியில் இருந்து மின்னஞ்சல், வங்கிக் கணக்கு பாஸ்வேர்டுகளை மாற்றுங்கள். எல்லா இடங்களிலும் லாக்-அவுட் செய்யுங்கள். பணம் திருடு போயிருந்தால் 1930 என்ற எண்ணை உடனே அழையுங்கள்.

4. பேக்கப்பில் இல்லாத முக்கியமான ஃபைல்கள் பூட்டப்பட்டிருந்தால், பாதிக்கப்பட்ட டிஸ்க்கை அழிக்காமல் எடுத்து வைத்துவிட்டுப் புது டிஸ்க்கில் மீட்கலாம். சில ரேன்சம்வேர்களுக்கான திறவுகோல்கள் பின்னாளில் கிடைப்பதுண்டு. யூரோபோல், நெதர்லாந்து போலீஸ் உள்ளிட்டோர் 2016-ல் தொடங்கிய 'நோ மோர் ரேன்சம்' தளம் அவற்றை இலவசமாகத் தருகிறது.

5. சுத்தமான கணினியில், குறைந்தது 8 ஜி.பி. பென் டிரைவில் விண்டோஸ் நிறுவும் டிரைவைத் தயார் செய்யுங்கள். அதிலிருந்து கணினியை பூட் செய்யுங்கள்.

6. இப்போதுதான் பேக்கப் டிஸ்க்கைச் செருக வேண்டும். 'ரிப்பேர்' பகுதிக்குள் போய் 'சிஸ்டம் இமேஜ் ரெக்கவரி'யைத் தேர்வு செய்து, டிஸ்க்கை முழுவதும் அழித்துவிட்டு இமேஜை இறக்குங்கள். புது டிஸ்க் பழையதை விடச் சிறியதாக இருந்தால் இது வேலை செய்யாது.

எந்தத் தேதிக்குத் திரும்புவது?

கேட்க எளிது, பதில் சொல்வது கடினம். மிரட்டல் செய்தி தெரிந்த நாளும் தீநிரல் நுழைந்த நாளும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. அது வாரக்கணக்கில் பதுங்கி இருக்கலாம். நேற்று எடுத்த இமேஜில் அதுவும் சேர்ந்தே இருந்தால், மீட்பது கணினியை மட்டுமல்ல, வைரஸையும்தான். கிராக் செய்த மென்பொருளை எப்போது நிறுவினீர்கள், சந்தேகமான இணைப்பை எப்போது திறந்தீர்கள் என்று யோசித்து, அதற்கு முந்தைய இமேஜைத் தேர்ந்தெடுங்கள். ஒரே ஒரு பேக்கப்பை மேலே மேலே எழுதிக்கொண்டிருந்தால் இந்த வாய்ப்பே இருக்காது. அதனால்தான் குறைந்தது இரண்டு, மூன்று தேதிகளின் இமேஜ்கள் தேவை.

மீட்டாச்சு, வேலை முடிந்ததா?

இன்னும் இல்லை. பழைய இமேஜ் என்றால் பழைய ஓட்டைகளும் அதில் இருக்கும். வான்னாக்ரையும் நாட்பெட்யாவும் பயன்படுத்திய விண்டோஸ் ஓட்டைக்கான அப்டேட்டை 2017 மார்ச்சிலேயே மைக்ரோசாஃப்ட் வெளியிட்டுவிட்டது. வான்னாக்ரையில் மாட்டியவர்கள் பெரும்பாலும் அதைப் போடாதவர்கள்தான். எனவே மீட்டவுடன் முதல் வேலை, விண்டோஸையும் பிரவுசரையும் அப்டேட் செய்வது. அடுத்து முழு ஸ்கேன். இமேஜ் எடுத்த பிறகு உருவாக்கிய ஃபைல்கள் வேறெங்காவது இருந்தால், ஆவணங்களையும் படங்களையும் மட்டும் ஸ்கேன் செய்து எடுங்கள். மென்பொருள்களை அதிகாரப்பூர்வத் தளத்தில் இருந்து புதிதாக இறக்கிக்கொள்ளலாம்.

இந்த வார இறுதியில் ஒரு மணி நேரம்

பேக்கப்புக்கு '3-2-1' என்றொரு விதி உண்டு. தரவுக்கு 3 பிரதிகள், 2 வகை ஊடகங்களில், 1 பிரதி வேறு இடத்தில். அதில் ஒன்றாவது எந்தக் கணினியோடும் இணைக்கப்படாமல் அலமாரியில் இருக்கட்டும். பிட்லாக்கர் பயன்படுத்தினால், அதன் ரெக்கவரி கீயைக் காகிதத்தில் எழுதி வையுங்கள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை பேக்கப்பைத் திறந்து சில ஃபைல்களாவது வருகிறதா என்று பாருங்கள். சோதித்துப் பார்க்காத பேக்கப்பை நம்ப முடியாது.

மெர்ஸ்க்கைக் காப்பாற்றியது திட்டமிடல் அல்ல, சரியான நேரத்தில் போன கரண்ட். அந்த கரண்ட் கட் செய்ததை, வேலை முடிந்ததும் டிஸ்க்கின் வயரைக் கழற்றி வைப்பதன் மூலம் நாமே செய்துகொள்ளலாம்.