ஆராய்ச்சி மாணவர் நலம்

சுவர் இருந்தால்தான் சித்திரம் எழுதலாம் என்பது பழமொழி. பட்டம் பெற்ற பின்னரும் பல்கலைக்கழகத்தில் தங்கிப் புதிய உண்மைகளைத் தேடும் ஆராய்ச்சி மாணவர்க்கும் இது பொருந்தும்.

இதற்குக் கணிதமேதை இராமானுஜன் வரலாறு சான்றாகும். அவர் 1914ஆம் ஆண்டு சென்னையினின்று கப்பலேறி, இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜ் நகரத்துத் திரினிட்டிக் கல்லூரியை அடைந்தார். சென்னைப் பல்கலைக்கழகம் ஆண்டுக்கு 250 பவுன் உதவித்தொகை அளித்தது. ஹார்டி, லிட்டில்வுட் என்னும் பேரறிஞர் இருவர் துணைநின்றனர். பொருளும் ஆசானும் வாய்த்தும், ஏற்ற உணவும் உறவினர் துணையும் அவர்க்கு வாய்க்கவில்லை. மரக்கறி உணவே கொள்பவராதலின் தம் அறையில் தாமே சமைத்துண்டார். அவ்வாண்டே மூண்ட உலகப்போரால் வேண்டிய உணவுப்பொருள்கள் கிடைத்தல் அரிதாயிற்று.

அங்குப் பயின்ற வங்காள மாணவர் மகலனோபிஸ் ஒருநாள் அவரைக் காணச் சென்றார். இரவில் மேலங்கி அணிந்து படுத்தும் குளிர் வருத்துகிறது என்றார் இராமானுஜன். மகலனோபிஸ் கட்டிலை நோக்கினார். கம்பளிகள் பல மெத்தையோடு இறுகச் செருகப்பட்டிருந்தன. அவற்றை விலக்கி உள்ளே படுத்தல் வேண்டும் என்பதை அறியாத இராமானுஜன், அவற்றின் மேலேயே படுத்து வந்தார்! மகலனோபிஸ் அம்முறையைச் செய்து காட்டினார். எண்களின் இயல்பை ஆழ்ந்துணர்ந்த மேதைக்கும் இச்சிறு செய்தியைச் சொல்ல ஒரு தோழர் வேண்டியிருந்தது.

1917இல் இராமானுஜன் கடும் நோயுற்றார். 1918இல் இராயல் சொசைட்டி அவரை உறுப்பினராக ஏற்றுச் சிறப்பித்தது, உடல்நலமோ மீளவில்லை. 1919இல் தாயகம் திரும்பிய அவர், மறு ஆண்டே 32ஆம் வயதில் மறைந்தார்.

ஆராய்ச்சியின் முடிவு இன்ன நாளில் கிட்டும் என்று கூறவியலாது. பலகாலும் தோல்வி நேரும். தனித்தே உழைத்தல் வேண்டும். ஆதலின் மனம் தளர்தல் இயல்பு. 26 நாடுகளைச் சேர்ந்த 2,279 மாணவரை வினவி 2018இல் வெளியான ஆய்வொன்றில், நூற்றுக்கு 39 பேரிடம் மிதமான அல்லது கடுமையான மனச்சோர்வின் அறிகுறிகள் காணப்பட்டன. அவருள் பெரும்பாலோர் முனைவர் பட்ட ஆய்வாளர். ஆசானின் ஆதரவு பெற்றவரிடம் இச்சோர்வு குறைந்திருந்தது என்பதும் அவ்வாய்வு உணர்த்தும் உண்மையாகும்.

ஆகவே, உதவித்தொகையைக் காலந்தாழ்த்தாது வழங்குதலும், மனநல ஆலோசகரை அமர்த்துதலும் பல்கலைக்கழகத்தின் கடமை. ஆய்வேட்டின் நிலையோடு மாணவரின் நலத்தையும் உசாவுதல் ஆசானின் கடமை. அறைக்கதவைத் தட்டி, "நலமா?" என்று கேட்டல் தோழரின் கடமை.

மாணவர்களே! நாளை நீங்களும் ஆராய்ச்சி செய்யக்கூடும். துன்புறும்போது துணை நாடுதல் இழிவன்று; துன்புறுவோர்க்குத் துணையாதல் சிறுசெயலும் அன்று.