கோடையிலும் உதிராத முடி

பிரிட்டனின் ஷெட்லாண்டு, வெல்ஷ் மட்டக்குதிரைகள் 30 வயது வரை வாழ்வது அரிதல்ல. ஆனால் 15 தாண்டியதும் ஒரு கண் வைத்திருக்க வேண்டும். குளிர்கால முடி கோடையிலும் உதிராமல் நீண்டு சுருண்டால், வயதாகிவிட்டது என்று விட்டுவிடாதீர்கள். மூளைக்கு அடியிலுள்ள பிட்யூட்டரி சுரப்பியின் கோளாறாக இருக்கலாம். கூடவே வரும் குளம்பு அழற்சிதான் கொடியது. வலி தாங்காமல் குதிரை முன்னங்காலை முன்னே நீட்டி, பாரத்தைப் பின்னால் சாய்த்து நிற்கும். பிட்யூட்டரி கோளாறை ஏசிடிஎச் என்ற ஹார்மோனை அளக்கும் ரத்தப் பரிசோதனை காட்டும். இலையுதிர் காலத்தில் அந்த ஹார்மோன் இயல்பாகவே ஏறும் என்பதால் மருத்துவர் மாதத்தையும் கணக்கில் கொள்வார். சிகிச்சை, தினமும் பெர்கோலைடு மாத்திரை, பெரும்பாலும் ஆயுள் முழுக்க. குளம்பு அழற்சியைத் தூண்டும் சர்க்கரையையும் குறைக்க வேண்டும்; காய்ந்த புல்லை ஊறவைத்துக் கொடுத்தால் அதிலுள்ள சர்க்கரை குறையும். ஊறிய தண்ணீரை மட்டும் குதிரைக்கு எட்டாத இடத்தில் கொட்டுங்கள், நேயர்களே!